எதையும் எடுக்காதவருக்குத் திருடும் நோக்கம் இருந்தது என்பது மேல்முறையீட்டில் எப்படி நிற்கிறது?

"இங்கிலாந்தில் ஒருவர் அத்துமீறி நுழைந்தார், எதையும் எடுக்கவில்லை. ஆனாலும் பர்க்லரி (திருடுவது போன்ற நோக்கத்துடன் கட்டடத்துக்குள் அத்துமீறி நுழையும் குற்றம்) என்று தண்டித்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் அவருடைய நோக்கத்தை எப்படி நிரூபிப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் படித்த நாளிலிருந்து என்னை விடாத கேள்வி இது.

மேல்முறையீட்டில் யாரும் நோக்கத்தைப் புதிதாக நிரூபிப்பதில்லை. நோக்கம் இருந்ததா என்று முடிவு செய்வது விசாரணையில் உட்காரும் ஜூரியின், அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழுவின், வேலை. நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தைச் சரியாக விளக்கினாரா, குற்றச்சாட்டு சரியாக எழுதப்பட்டதா, அந்தத் தீர்ப்பை நம்பி அப்படியே விடலாமா என்றுதான் மேல் நீதிமன்றம் பார்க்கும்.

1979இல் வந்த வாக்கிங்டன் வழக்கைப் பாருங்கள். லண்டன் ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட்டில் டெபனம்ஸ் கடை. மூடும் நேரம், ஊழியர்கள் கல்லாக்களின் கணக்கை முடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பக்கம் மேசை போட்டு அடைத்த இடத்துக்குள் ஒருவர் போனார். பாதி திறந்திருந்த கல்லாவை இழுத்துப் பார்த்தார். காலி. அறைந்து மூடிவிட்டு வெளியேறினார். அவ்வளவுதான் நடந்தது.

கடைக்குள் வாடிக்கையாளர் யாரும் வரலாம். ஆனால் கல்லா மேசைக்குப் பின்னால் போக அவருக்கு அனுமதி கிடையாது. அத்துமீறல் தொடங்குவது அங்கேதான். 1968 திருட்டுச் சட்டத்தின் 9(1)(அ) பிரிவுப்படி, அந்த எல்லையைத் தாண்டும்போதே திருடும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். உள்ளே போன பிறகு தோன்றிய எண்ணம் இந்தப் பிரிவுக்குப் போதாது. பணம் எண்ணும் நேரம், திறந்த கல்லா, காலி என்றதும் கிளம்பியது. இவற்றிலிருந்து நோக்கத்தை ஜூரி ஊகித்தது சரியே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கல்லாவில் பணம் இல்லாதது அவர் மனதில் இருந்ததை மாற்றாது.

வாக்கிங்டன் தரப்பு நம்பியது 1977இன் ஹுசைன் வழக்கை. ஒரு வேனில் இருந்த பையைத் திறக்கப் போனவர்கள் மீது, பைக்குள் இருந்த நீர்மூழ்கும் கருவிகளைத் திருட முயன்றதாகக் குற்றம் சாட்டியிருந்தார்கள். எடுக்கத் தகுந்தது இருந்தால் மட்டும் எடுக்கலாம் என்று நினைப்பது திருடும் நோக்கம் ஆகாது என்று தண்டனை ரத்தானது. அப்புறம் கொஞ்ச காலம் பெரிய குழப்பம். "பணம் தேடித்தான் வந்தேன்" என்கிற மாதிரி ஒப்புக்கொண்டவர்களைக்கூட விடுவிக்கும்படி கீழ் நீதிமன்றங்கள் ஜூரிக்குச் சொல்லின. அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் சட்ட விளக்கம் கேட்டு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பிய இரண்டு வழக்குகளில் 1979இல் இது தெளிவானது: குற்றச்சாட்டில் குறிப்பிட்ட பொருளின் பெயரைப் போடாமல், "திருடும் நோக்கத்துடன்" என்று மட்டும் எழுதினால் போதும். ஹுசைன் வழக்கைச் சாய்த்தது குற்றச்சாட்டை எழுதிய விதம்தான்.

இன்னொரு பக்கமும் எனக்கு முக்கியம். அத்துமீறி நுழைந்ததாலேயே திருட வந்தார் என்று ஆகிவிடாது. குளிருக்கு ஒதுங்கப் பூட்டிய கட்டடத்துக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு செயலின் இயல்பான விளைவை வைத்து மட்டும் நோக்கம் இருந்தது என்று ஜூரி முடிவு கட்ட வேண்டியதில்லை, எல்லாச் சாட்சியங்களையும் பார்க்க வேண்டும் என்கிறது 1967 குற்றவியல் நீதிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு.

அதனால் நீங்கள் சொல்லும் வழக்கில் முதலில் தேட வேண்டியது நீதிபதி ஜூரிக்குக் கொடுத்த விளக்கத்தின் எழுத்துப் பதிவை. நோக்கம் எந்த நொடியில் இருந்திருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால், மேல்முறையீட்டுக்கு அதைவிட வலுவான காரணம் கிடைப்பது கடினம்.