நீளமான சுரத்தை உடைப்பது: கடிதமும் பதிலும்

ஐயா,

கொருக்குப்பேட்டையில் ஒரு பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். நீளமாக நிற்கும் சுரத்தை எங்கள் மாஸ்டர் நாலாக, எட்டாகப் பொடித்து வாசித்தால் பாட்டு மினுக்குகிறது. நான் செய்தால் பாட்டே காணாமல் போகிறது. இதுவும் கமகம்தானா? ஏதாவது கணக்கு உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கமகம் இல்லை. கமகம் சுரத்தை அசைக்கும். இது சுரத்தின் நேரத்தைக் கூறு போடுவது. ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடும் நம் சங்கதிகளில் இது நிறைய உண்டு. ஐரோப்பாவில் இதற்கென்றே பாடப்புத்தகம் போட்டார்கள்: 1535இல் வெனிஸில் கனாஸி, ரெக்கார்டர் குழலுக்கு; 1553இல் ரோமில் தியேகோ ஓர்டிஸ், வில்லால் வாசிக்கும் வயோல் என்ற தந்தி வாத்தியத்துக்கு. ஓர்டிஸ் சொல்லும் முதல் வழிதான் உங்களுக்கு மருந்து. எந்தச் சுரத்தை உடைக்கிறீர்களோ, அதிலேயே முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மெட்டு ‘ஸ’வில் நான்கு எண்ணிக்கை நின்று ‘ரி’க்குப் போகிறது என்று வையுங்கள். ‘ஸ த நி ஸ’ என்று உடைத்து ‘ரி’யில் இறங்கினால் பழைய நடை அப்படியே காதில் விழும். ‘ஸ ரி க ரி’ என்று உடைத்தால்? தாலி கட்டுவதற்கு முன்பே மாப்பிள்ளை பந்தியில் உட்கார்ந்த கதை. தட்டு விழும் இடத்தில் ‘ரி’ வரும்போது அதற்கு மதிப்பே இருக்காது. உங்கள் மாஸ்டர் இதை மீறுவார். ஓர்டிஸே அடுத்த வழியில் சலுகை தருகிறார். அது அப்புறம்.

நானும் கெடுத்தவன்தான். ராயபுரம் பக்கம் ஒரு கிறிஸ்துமஸ் பூசையில் புல்லாங்குழல் வாசித்தேன். மெதுவான பாட்டு. கண்ணில் பட்ட நெடிலை எல்லாம் பொடித்தேன். மூன்றாவது அடியில் பாடுகிறவர்கள் தடுமாறி நின்றுவிட்டார்கள்; என் நீளமான சுரத்தைப் பிடித்துக்கொண்டுதான் அதுவரை பாடியிருக்கிறார்கள். கீபோர்டு வாசித்த அம்மா திரும்பி, “தம்பி, பாட்டை எங்க வச்ச?” என்றார்.

இன்னொன்று, எட்டாக உடைக்கும்போது எட்டுச் சுரத்துக்கும் ரீடில் நாக்கு தட்டாதீர்கள். முதல் சுரத்துக்கு மட்டும் தட்டி, மீதியை ஒரே மூச்சில் விரலால் ஓட்டுங்கள்.

ஆதி தாள வர்ணம், அதாவது கர்நாடக சங்கீதப் பயிற்சி உருப்படி, ஏதாவது தெரியுமா? பெரும்பாலும் சரணத்தின் முதல் சுரக்கோவை நெடிலாக நிற்கும், கடைசி ஒன்று குறிலாகப் பொடிந்திருக்கும். அந்த முதலாவதை எடுத்து, ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) ஒரே ஒரு சுரத்தை மட்டும் உடைத்துப் பாருங்கள். ஊர்வலத்தில் வேண்டாம், மொட்டை மாடியில்.