கூடுதல் 10,000 ரூபாய் போகவேண்டிய இடம் வேறு

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு 62,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கடன் பாக்கி 22 லட்சம், வட்டி 8.5%. கடன் சீக்கிரம் முடியும் என்று யூடியூபில் கேட்டதால் இ.எம்.ஐ.க்கு மேல் மாதம் 10,000 ரூபாய் அசலில் கட்டி வருகிறேன். அதை ஸ்மால்கேப் ஃபண்டில் (சிறு நிறுவனப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) எஸ்.ஐ.பி.யாக, அதாவது மாதாந்திர முதலீடாகத் திருப்பிவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா? கிரெடிட் கார்டில் 1.80 லட்சம் நிற்கிறது. மினிமம் டியூ, அதாவது மாதம் குறைந்தபட்சம் கட்டவேண்டிய தொகை, 9,000 தவறாமல் கட்டிவிடுகிறேன். அந்தப் பாக்கியில் பாதி, அக்கா வீட்டுக்காரரின் கடைச் சரக்குக்காகத் தேய்த்தது. தனியார் நிறுவனம் ஒன்றில் நகைக்கடன் 1.50 லட்சம், 18% வட்டி. போனஸ் வந்ததும் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன்.
- ஈரோடு வாசகர்

பதில்: பணத்தைத் திருப்பத்தான் வேண்டும். ஆனால் ஸ்மால்கேப் பக்கம் அல்ல, கார்டு பக்கம்.

உங்கள் கணக்கைக் கெடுப்பது, ‘தவறாமல்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த மினிமம் டியூதான். கார்டு வட்டி மாதம் 3.5% என்று வைத்துக்கொள்வோம். 1.80 லட்சத்துக்கு 6,300 ரூபாய். அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. 1,134. ஆக 7,434 ரூபாய். நீங்கள் கட்டும் 9,000-இல் அசலுக்குப் போவது 1,566 ரூபாய்தான். அடுத்த வாரமே மச்சானுக்கு 2,000 ரூபாய்க்குத் தேய்த்தால் கடன் ஏறத்தான் செய்யும். பாக்கி இருக்கும்போது வாங்கும் புதுப் பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது. வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும்.

இப்போது அந்தக் கூடுதல் 10,000-ஐப் பாருங்கள். வீட்டுக்கடனில் கட்டினால் வருடத்துக்கு 850 ரூபாய் வட்டி மிச்சம். கார்டில் கட்டினால் ஜி.எஸ்.டி.யோடு ஏறக்குறைய 4,950 ரூபாய் மிச்சம். யூடியூப் யோசனை தப்பில்லை. வேறு கடன் இல்லாதவருக்கு அது. ஸ்மால்கேப் நல்ல வருடங்களில் எவ்வளவு தந்தாலும், வருடம் தவறாமல் 49% தரும் என்று எந்த ஃபண்டும் எழுதிக் கொடுக்காது. ஐந்து வருட வருமானத்தைக் காட்டி ஆசை மூட்டும் நண்பர்களிடம் கார்டு ஸ்டேட்மென்ட்டை நீட்டுங்கள்.

முதலில், வீட்டுக்கடனுக்குக் கூடுதலாகக் கட்டுவதை இந்த மாதமே நிறுத்துங்கள். இ.எம்.ஐ. மட்டும் போகட்டும். பிறகு கார்டு பாக்கியைத் தவணையாக மாற்றக் கேளுங்கள். 16% வட்டியில் 18 மாதம் என்றால் தவணை சுமார் 11,300. வட்டிமேல் ஜி.எஸ்.டி. உண்டு என்பதால் ஆரம்பத்தில் 11,700 வரை வரும். பிராசசிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி முடித்தால் அபராதம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் இதைவிடக் குறைந்த வட்டிக்குத் தனிநபர் கடன் கிடைத்தால் அதுவே மேல். வீட்டுக்கடனில் டாப்-அப், அதாவது அதன்மேலேயே கூடுதல் கடன், தருகிறோம் என்பார்கள். வட்டி குறைவுதான், ஆனால் மளிகை, சரக்குக் கடனைப் பதினைந்து வருடம் இழுப்பீர்கள். வேண்டாம்.

கார்டு தவணையானபின் அதில் ஒரு ரூபாய்கூடத் தேய்க்கக் கூடாது. இந்த வழியில் போகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்: தவணையும் ஓடும், புதுப் பாக்கியும் சேரும். ஷாப்பிங் செயலிகளில் சேமித்த கார்டை நீக்குங்கள். தானாகப் பிடிக்கும் ஓ.டி.டி., மொபைல் பில்களை வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள்.

மச்சான் விஷயத்தில் மட்டும் சுற்றி வளைக்காதீர்கள். பாக்கியில் பாதி என்றால் 90,000 அவருடையது. மாதம் 5,000 வீதம் 18 மாதம், உங்கள் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும் என்று அக்காவையும் உட்காரவைத்துப் பேசுங்கள். வந்தால் நகைக்கடனில் போடுங்கள். வரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சரக்குக்கு அவர் கடையின் பெயரில் வங்கியில் கடன் கேட்கட்டும். ‘கார்டைத் தேய்த்து ரொக்கம் வாங்கிக்கலாம், இரண்டு மூன்று சதவீதம்தான் கமிஷன்’ என்று யாராவது வழி சொன்னால், அது கார்டு விதிமுறைக்கே எதிரானது. மாட்டுவது கார்டு உங்கள் பெயரில் என்பதால் நீங்கள்தான்.

கூடுதல் 10,000, மினிமம் டியூ 9,000 என மாதம் 19,000 ரூபாய் ஏற்கெனவே உங்கள் கையைவிட்டுப் போகிறது. தவணை போக மிஞ்சும் 7,300 நகைக்கடனுக்கு. 18% என்றால் வருட வட்டி 27,000. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்தால் பத்து வருடத்திலும் அசல் அப்படியே இருக்கும். வங்கியில் 9.5% கிடைத்தால் அதே கடனுக்கு வருட வட்டி 14,250. மீட்கக் கையில் பணமில்லையே என்றால், பழைய கடனைத் தாங்களே அடைத்து நகையை மாற்றிக்கொள்ளும் வங்கிகள் உண்டு, விசாரியுங்கள். மாதாமாதம் கட்டும்போது ரசீதில் அசல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து வாங்குங்கள். 18-வது மாதம் கார்டுத் தவணை முடிந்ததும் முழு 19,000-ஐயும் இங்கே திருப்பினால் இன்றிலிருந்து சுமார் 20 மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். போனஸையும் போட்டால் இன்னும் முன்னால்.

கார்டு தவணை தீர்ந்ததும் பாக்கியில்லைச் சான்று வாங்கி, லிமிட்டை 40,000-க்குக் குறைக்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள். வங்கி லிமிட்டை உயர்த்தித் தருகிறேன் என்று குறுஞ்செய்தி அனுப்பும், பதில் போடாதீர்கள்.