பெயர் கொடுத்த 40 பேர் எங்கே?

கேள்வி: அக்கா, தண்ணீர், பொதுக் கழிப்பறைப் பிரச்சினைகளுக்காக எங்கள் பகுதியில் குடியிருப்போர் குழு ஒன்று நடத்துகிறோம். ஆரம்பத்தில் 40 பேர் பெயர் கொடுத்தார்கள். இப்போது கூட்டத்துக்கு 6 பேர்தான் வருகிறோம். என்ன செய்யலாம்?
- வாசகர், ஆன்டாப் ஹில், மும்பை

பதில்: தம்பி, பெயர் கொடுத்த மறுநாள் அவர்களுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்? தாராவியில் நாங்கள் கோட்டை விட்டது அங்கேதான். கூட்டத்துக்கு வா, ஊர்வலத்துக்கு வா என்று தலைக்கணக்குக்கு மட்டுமே கூப்பிட்டோம். கூலி வேலைக்குப் போகிறவர் எத்தனை நாள் வருவார்?

எங்களை மாற்றியது, அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்கும் ஒரு தகவல் அறியும் உரிமை மனு. மனுவெல்லாம் தலைவர் பெயரில்தான் போகும். ஒருமுறை அவர் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். அப்பளம் போடுகிற பெண் ஒருத்தி, கழிப்பறைப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று தன் பெயரிலேயே மனு போட்டாள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், அவ்வளவுதான் செலவு. பதில் தபாலில் அவள் பெயருக்கே வந்தது. கூட்டத்தில் வாயே திறக்காதவள், அன்று தெருவில் நின்று எல்லோரும் கேட்கும்படி அதைப் படிக்க வைத்தாள். அதிலிருந்து ஒரு மனுவுக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டோம். கடைசிவரை அது அவருடைய மனு.

மகாராஷ்டிர விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் கேட்கலாம், அதுவும் 150 வார்த்தைக்குள். எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் நின்றுபோகிறது என்பது பாட்டிமாருக்குத்தான் தெரியும். மராத்தியில் எழுதப் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். இருவரையும் சேர்த்து உட்கார வைத்தோம். பதிலுக்கு 30 நாள் கெடு. அதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறிப்பது தையல்கடைக்காரர் ஒருவரின் பொறுப்பு. கூட்டத்துக்கு அவரால் வரவே முடியாது. ஆனாலும் அவரும் குழுவில் ஒருவர்தான்.

அப்புறம், கூட்ட நேரம். ஞாயிறு காலை என்றால் வீட்டில் பெண்களுக்குத் தலைக்கு மேல் வேலை. இரவு 9 மணிக்கு மாற்றினோம், அரை மணி நேரம்தான். ஜெராக்ஸ், பஸ் செலவைக் குழுப் பணத்தில் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே பலர் நின்றுவிடுகிறார்கள்.

சரி, அந்தப் பழைய பட்டியலைக் கிழித்துவிடாதீர்கள். இந்த வாரம் அதில் மூன்று வீட்டுக்கு மட்டும் போங்கள். கூட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டு, கையோடு எழுதிக்கொள்ளுங்கள்.