மொட்டை அடிக்கலாமா? அடர்முடி நாய்கள் பற்றிய கேள்வி பதில்

சிங்கப்பூரில் நாய்களுக்கு முடி வெட்டிச் சீவிக் குளிப்பாட்டும் வேலையில் 17 வருடமாக இருக்கிறேன். கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி, சமோயெட் என்று பெரிய உருவங்கள்தான் என்னிடம் அதிகம் வரும். நான் மருத்துவர் இல்லை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சிராங்கூன், தரை வீடு: அக்கா, எங்கள் கோல்டனைத் தினமும் பிரஷ் பண்ணுகிறேன். இருந்தும் கடையில் ஒவ்வொரு முறையும் ‘காதுக்குப் பின்னால் சிக்கு’ என்று கூடுதல் காசு வாங்குகிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை தம்பி. நீங்கள் மேல்முடியை மட்டும் சீவுகிறீர்கள். இந்த நாய்களுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமாக, கொஞ்சம் முரடாக ஒன்று. அடியில் இலவம்பஞ்சு மாதிரி இன்னொன்று. அதிகம் உதிர்வது அடிமுடிதான், ஆனால் உதிர்ந்தது கீழே விழாமல் மேல்முடியில் மாட்டிக்கொள்ளும். பிரஷ் மேலாக வழுக்கிக்கொண்டு போகும், நாயும் பளபளவென்று இருக்கும், உள்ளே கம்பளி தயாராகிக்கொண்டிருக்கும்.

வகிடு எடுத்துச் சீவுங்கள். பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்போமே, அதே மாதிரி. இடது கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்தால் தோல் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். கோட்டுக்குக் கீழே இருக்கும் முடியை மட்டும் ஸ்லிக்கர் பிரஷால் (மெல்லிய கம்பிப் பற்கள் உள்ளது) மெதுவாக வாருங்கள். அரை அங்குலம் மேலே போய் அடுத்த வகிடு. முடிந்ததும் இரும்புச் சீப்பைத் தோலிலிருந்து நுனி வரை இழுத்துப் பாருங்கள். டக்கென்று நின்றால் அங்கே சிக்கு இருக்கிறது. காதுக்குப் பின்புறம், முன்னங்கால் அக்குள், பின்தொடை, காலர் உராயும் இடம், இவைதான் வழக்கமான இடங்கள். சிக்கை எடுக்காமல் குளிப்பாட்டாதீர்கள், நனைந்து காய்ந்தால் இன்னும் இறுகிவிடும்.

ஈசூன்: ஞாயிற்றுக்கிழமை கடலில் நீந்தவிட்டோம். திங்கள் காலை கன்னத்தில் உள்ளங்கை அளவுக்குச் சிவந்து ஈரமாக ஒரு புண். கடித்திருக்குமா?

இது ஹாட் ஸ்பாட், அதாவது தோலில் திடீரென்று பரவும் ஈரப்புண் போலத் தெரிகிறது. ராத்திரி ஐம்பது காசு அளவில் இருப்பது விடிவதற்குள் அப்படிப் பரவும். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சுற்றியுள்ள முடியை மழித்து மருந்து போடுவார்கள். ஈரம் அடிமுடியில் தங்கிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். நம் ஊரில் ராத்திரி ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், துண்டால் துடைத்துவிட்டு ‘தானே காயட்டும்’ என்று விட்டால் காயாது. கடையில் வைத்திருக்கும் பெரிய ப்ளோயரில் ஒரு சமோயெட்டைக் காயவைக்கவே எனக்கு ஒன்றரை மணி நேரமாகிறது. விரலை முடிக்குள் விட்டுத் தோலைத் தொடுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

தெம்பனிஸ்: நம் ஷாம்பூ போடலாமா?

வேண்டாம். நாய்த் தோல் வேறு. நாய் ஷாம்பூ வாங்குங்கள், நன்றாக அலசுங்கள், தோல் வரை காயவையுங்கள்.

பிடோக்: முடி கொட்டுகிறது. தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார் பாட்டி.

பாட்டிக்கு என் வணக்கம். நாய் அதை நக்கும், வயிற்றால் போகும். மிச்சத்தில் தூசி ஒட்டிச் சிக்காகும், சோபாவும் போகும்.

புக்கிட் தீமா: ஹஸ்கிக்கு இந்த வெயில் தாங்கவில்லை. மொட்டை அடித்துவிடலாமா?

வந்துவிட்டதா கேள்வி! அடிக்காதீர்கள். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், அதனால் மொட்டை அடித்தால் சுகம். நாய்க்கு வியர்வை பெரும்பாலும் பாதத்தில்தான். மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. முடியை எடுத்தால் வெயில் நேராகத் தோலில் விழும். ஹஸ்கி, சமோயெட், சௌ சௌ மாதிரி இனங்களுக்குச் சில நேரம் முடி மறுபடி வளராது, அல்லது திட்டுத்திட்டாக வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேட்டார்கள் என்று ஒரு சமோயெட்டை நானே மழித்தேன். ஒன்றரை வருடம் கழித்தும் முதுகில் பூச்சி அரித்த கம்பளம் மாதிரி இருந்தது.

பொங்கோல்: மன்னிக்கணும் அக்கா. என் அண்ணன் வீட்டுக் கோல்டனை வருடா வருடம் மழிக்கிறார்கள். நன்றாக வளர்கிறது, ஓடி விளையாடுகிறது.

கோல்டனுக்குப் பெரும்பாலும் வளரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடிமுடி வேகமாக வளர்ந்து மேல்முடியை முந்தும். அப்புறம் இழைவு போய்ப் பஞ்சுமூட்டையாகிவிடும், சிக்கும் கூடும். சிக்குக்குப் பயந்து மழிக்கிறவர்கள் அதைத்தான் வளர்க்கிறார்கள்.

பொங்கோல்: பனிக்கு வளர்ந்த முடியை 32 டிகிரியில் சுமக்க வைப்பது மட்டும் நியாயமா?

அது வேறு கேள்வி தம்பி, நல்ல கேள்வியும்கூட. என்னைக் கேட்டால் ஹஸ்கியை இங்கே வாங்குமுன் ஏர்கான் கட்டணத்தைக் கணக்குப் போடச் சொல்வேன். வாங்கியாயிற்று என்றால், அடிமுடியை வாரி எடுத்தாலே காற்று உள்ளே போகும். காலை 7 மணிக்கு முன்னும் இருட்டிய பிறகும் நடக்க விடுங்கள். தெருவில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். சிக்கு முற்றித் தோலைப் பிடித்து இழுக்கிற நிலை என்றால் மட்டும் மழிப்பதுதான் கருணை. அப்போது நானே மெஷினை எடுப்பேன்.

ஜூரோங்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கோல்டன் வளர்க்கலாமா?

அனுமதி இல்லை. சிறிய இனங்களுக்குத்தான் பட்டியல், அதுவும் வீட்டுக்கு ஒன்று. தேசியப் பூங்காக் கழகத்தைக் கேளுங்கள்.

சிராங்கூனிலிருந்து இன்னொருவர்: தாத்தா ஊரில் ராஜபாளையம் வளர்த்தாராம். அதற்கு எப்படிச் சீவுவது?

அதற்குக் குட்டை முடி அம்மா, ரப்பர் கையுறையால் வாரத்துக்கு ஒருமுறை தடவினால் போதும். இப்படி ஒரு நாயை யாராவது என்னிடம் கொண்டுவர மாட்டார்களா!

உட்லண்ட்ஸ்: உண்ணி வந்தால் மொட்டை அடிக்கலாமா?

மறுபடியுமா? வேண்டாம். உண்ணி மருந்துக்கு மருத்துவரிடம் போங்கள். சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் இன்றே போங்கள், உண்ணிக் காய்ச்சல் உயிரை வாங்கும்.

புக்கிட் தீமா: அக்கா, கோபப்படாதீர்கள். வயிற்றை மட்டுமாவது மழிக்கலாமா? தரை ஓட்டில்தான் நாளெல்லாம் கவிழ்ந்து படுக்கிறது.

சரி, வயிறு மட்டும். ஓட்டின் குளிர்ச்சி தோலுக்கு எட்டும். அதிலும் ஒட்ட மழிக்காமல் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள். விலாப்பக்கம் மெஷின் ஏறினால் நாயை இறக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.