நாவல், நாடகம் இரண்டிலும் பெயர் பெற்ற தமிழ் எழுத்தாளர் யார்? அவரை எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

என் பதில் இந்திரா பார்த்தசாரதி, சுருக்கமாக இ.பா. நாடகத்திலிருந்து தொடங்குங்கள், அதையும் வாய்விட்டு வாசியுங்கள். நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் தறிக்குடோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சோமனூர் பக்கம் கூலிக்கு நெய்கிற குடும்பம் எங்களுடையது. எட்டுத் தறி. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. உதட்டையும் கையசைவையும் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். 2012இல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. எப்போது வரும் என்று தெரியாததால் யாரும் வீட்டுக்கும் போக முடியாது. தறி ஓட்டுகிற அண்ணன்கள், தார் போடுகிற (ஊடை நூலைச் சுற்றித் தருகிற) அக்கா, அப்பா, அம்மா, நான் எல்லாரும் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். அப்போது நான் கோவையில் கல்லூரிப் படிப்பில் இருந்தேன். ராஜ வீதி விஜயா பதிப்பகத்தில் வாங்கிய நாடகப் புத்தகம் ஒன்று பையில் இருந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் வாசிக்கலாமே என்று எடுத்தேன். அம்மா, "எங்களுக்கும் கேக்கற மாதிரிப் படி கண்ணு" என்றார்.

அது 'நந்தன் கதை'. பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் என்கிற நந்தன் தீக்குள் இறங்கிப் புனித முனிவராக எழுகிறார். கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகள் அந்தக் கதையை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தன. இ.பா. அதே கதையை எடுத்து ஒரு கேள்வியைத்தான் மாற்றுகிறார்: தீயை மூட்டியது யார்? அவர் நாடகத்தில் அது அருள் அல்ல, மேல்சாதிக்காரர்கள் கூடிச் செய்த சூழ்ச்சி. நந்தன் நம்பி இறங்குகிறான்.

வாசித்து முடித்தபோது யாரும் பேசவில்லை. தார் போடுகிற அக்கா மட்டும் கேட்டார்: "ஏனுங் தம்பி, எறங்கச் சொன்னவங்க ஒருத்தராச்சும் எறங்கிக் காட்டுனாங்களா?"

அந்த அக்கா காலனியிலிருந்து வருபவர். எங்கள் குடோனில் அவருக்கு டீ குடிக்கத் தனி டம்ளர் இருந்தது. சன்னல் திட்டில் கவிழ்த்து வைத்திருக்கும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற டம்ளர், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மறுநாள் அந்த டம்ளரிலேயே நான் டீ குடித்தேன். அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டிலிருந்து அது ஒழிந்து போக இன்னும் இரண்டு வருடம் ஆனது. ஒரு நாடகம் ஒரு வீட்டை ஒரே நாளில் மாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை அந்த அக்கா எங்கள் முன்னால் உட்கார்ந்து கேட்கும்படி அது செய்தது. பல வருடப் பழக்கத்தில் நடக்காதது அது.

சரி, இ.பா.வைப் பற்றிச் சொல்கிறேன். 1930இல் பிறந்தவர். வளர்ந்தது கும்பகோணம். இயற்பெயர் பார்த்தசாரதி. மனைவியின் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டு எழுதினார். பள்ளியில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் தி. ஜானகிராமன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து, டெல்லியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தார். வைணவ சித்தாந்தத்தில் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கினார். 1980களில் போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியர். அதன் பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைக்குத் தலைமை. வார்சா வாழ்க்கையிலிருந்து வந்த நாவல் 'ஏசுவின் தோழர்கள்'.

டெல்லியில் இருந்ததுதான் அவர் எழுத்தின் பெரிய பலம் என்று எனக்குத் தோன்றும். தலைநகரத்தின் அதிகார வட்டத்தையும், படித்த மனிதர்கள் மனசாட்சியோடு செய்துகொள்கிற சமரசங்களையும் 'தந்திர பூமி', 'சுதந்தர பூமி' என்று எழுதினார். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் தன் சொந்தத் தஞ்சை மண்ணையும் திரும்பிப் பார்த்தார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அந்தக் கொடுமையை வைத்து எழுதிய 'குருதிப்புனல்' நாவலுக்கு 1977இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

இந்த நாவலைப் பற்றி ஒரு பழைய சண்டை உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொடுமைக்காரப் பண்ணையாரை ஆண்மை இல்லாதவராக வைத்து, அவர் வன்மத்துக்கு அதையும் ஒரு காரணமாக்கியிருக்கிறார். கூலிப் போராட்டத்தைத் தனி மனித மனக்கோளாறாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரி விமர்சகர்கள் கோபப்பட்டார்கள். கூலியை வைத்தே பிழைக்கிற ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கும் அந்த இடம் உறுத்தியது. கூலியை ஏற்றித் தர மறுப்பதற்கு ஒருவருக்கு மனக்கோளாறு எதுவும் தேவையில்லை. கணக்கு நோட்டு போதும். ஆனாலும் டெல்லியிலிருந்து வந்து கிராமத்தில் நிற்கும் கோபாலும் சிவாவும் பேசிக்கொள்கிற பக்கங்களுக்காக அந்த நாவலை மூன்று முறை படித்திருக்கிறேன். படித்தவர்களுக்கு அநியாயம் நன்றாகப் புரிகிறது, புரிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அந்தத் தவிப்பு முழுக்கப் பேச்சிலேயே வருகிறது. நாவலிலும் அவருக்குள் நாடகக்காரர் விழித்துக்கொண்டே இருக்கிறார் என்று நான் சொல்வது இதைத்தான். வர்ணனை குறைவு. இரண்டு பேரை ஒரு அறையில் உட்கார வைத்துவிட்டால் அவருக்குப் போதும்.

'உச்சி வெயில்' குறுநாவலும் அப்படித்தான். அதைத்தான் கே.எஸ். சேதுமாதவன் 'மறுபக்கம்' என்று படமாக எடுத்தார். சிறந்த படத்துக்கான தேசிய விருதான தங்கத் தாமரையைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது.

வைணவத்தில் ஆராய்ச்சி செய்தவர் என்பதால் 'ராமானுஜர்' நாடகம் பக்திப் பிரசங்கமாக இருக்கும் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். சாதி வேலியைத் தாண்டப் பார்த்த ஒரு மனிதராகத்தான் அதில் ராமானுஜர் வருகிறார். 1999இல் அதற்கு சரஸ்வதி சம்மான் கிடைத்தது. அப்புறம் சங்கீத நாடக அகாதெமி விருது, 2010இல் பத்மஸ்ரீ. இலக்கியத்துக்கு ஒரு அகாதெமி, நாடகத்துக்கு இன்னொரு அகாதெமி என்று இரண்டு பக்கமும் அங்கீகாரம் பெற்றவர் என்பதால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அவர் பெயரைச் சொன்னேன்.

இவ்வளவு இருந்தும் அவருடைய நாவல்களைப் படித்தவர்கள் பலர் நாடகங்களைத் தொடுவதில்லை. நாடகப் புத்தகம் என்றால் மேடை ஏற்றுபவர்களுக்கானது என்ற எண்ணம். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மூன்று பேர் கூடினால் வீட்டிலேயே வாசிக்கலாம்.

'நந்தன் கதை'க்கு அடுத்து 'ஔரங்கசீப்' எடுங்கள். நாங்களும் அந்த வரிசையில்தான் வாசித்தோம். தாரா, ஔரங்கசீப், ஜஹனாரா, ரோஷனாரா என்று பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் நிற்க, நடுவில் கிழவர் ஷாஜஹான். கருப்புப் பளிங்கில் இன்னொரு தாஜ்மஹால் கட்ட வேண்டும் என்ற கனவை விடமுடியாமல் உட்கார்ந்திருக்கிறார். நாட்டை ஆள்வது யார் என்ற சண்டை அது. எங்கள் காதில் சொத்துப் பிரிவினை மாதிரியே விழுந்தது. தறி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் தாராவாக வாசித்தார். ஷாஜஹான் பேச்சை அப்பாவிடம் கொடுத்தேன். எட்டாவது வரை படித்தவர், தினத்தந்தி தவிர வேறெதுவும் கையில் எடுக்காதவர். விரலை வரிக்குக் கீழே வைத்து மெதுவாக வாசித்தார். மகன் கோட்டைக்குள் சிறை வைத்த பிறகு வருகிற பேச்சு. தறியை விற்றுவிட்டு வேறு தொழில் பார்க்கலாம் என்று நான் அவரிடம் சொல்லி அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பாதியில் கரண்ட் வந்துவிட்டது. எல்லாரும் எழுந்து தறிக்குப் போனார்கள். அப்பா போகவில்லை. அந்தப் பேச்சை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை, உதட்டைப் பார்த்தே கேட்டேன்.