குடித்தனக்காரரின் தாயார் உடன் வந்து தங்கினால்

கேள்வி: கும்பகோணத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் ஒரு பகுதியைக் கணவன், மனைவி, ஒரு பிள்ளை என மூவருக்கு 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டிருக்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ‘பத்து நாள் இருந்துவிட்டுப் போவார்’ என்று வந்த அவருடைய 78 வயதுத் தாயார், நான்கு மாதங்களாக இங்கேயே இருக்கிறார். மோட்டார் செலவு கூடியிருக்கிறது. கழிப்பறையை மாற்றித் தரவும் கேட்கிறார்கள். வாடகையை உயர்த்தலாமா, காலி செய்யச் சொல்லலாமா? வீட்டில் அந்த அம்மாவுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் என்ற கவலையும் இருக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெற்ற தாயை உடன் வைத்துக்கொள்வது உள்வாடகைக்கு விடுவதாகாது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே சொல்லும்போது, அதற்காகக் காலி செய்யச் சொன்னால் அது நிற்பது கடினம். இத்தனை பேர்தான் குடியிருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள்.

வாடகையைப் பொறுத்தவரை, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி அதன் காலத்துக்குள் வாடகையை உயர்த்த முடியாது. மோட்டார் செலவில் ஒரு பங்கைப் பேசி வாங்கிக்கொள்ளலாம். கோபத்தில் தண்ணீரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதை அதே சட்டம் தடை செய்கிறது.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது உங்கள் வீட்டின் அமைப்புதான். ரேழி, கூடம், தாழ்வாரம் என்று நீளும் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் கொல்லையில்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முற்றத்து ஓரம் பாசி பிடித்துக் கிடக்க, நள்ளிரவில் அந்த அம்மா அதைக் கடந்துதான் போக வேண்டியிருக்கும். பாசியைத் தேய்த்துக் கழுவுவதும் வழியில் ஒரு விளக்குப் போடுவதும் உங்களுக்குச் சிறிய செலவு. கைப்பிடி பதிப்பதற்குத் தயங்காமல் சம்மதம் கொடுங்கள்; ஆனால் பழைய சுண்ணாம்புப் பூச்சில் திருகாணி நிற்காது, செங்கல்வரை துளைத்துப் பதித்தால்தான் ஆள் பாரத்தைத் தாங்கும் என்பதைக் கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். கழிப்பறைக் கோப்பையையே மாற்றுவது வேறு விஷயம். அதற்குப் பதிலாக, இருக்கும் கோப்பையின் மேல் வைத்துக்கொள்ளும் கம்மோடு நாற்காலியை அவர்களே வாங்கிக்கொள்ளலாம். தரையை உடைக்க வேண்டியதில்லை.

நீங்கள் வெளிப்படையாக எழுதாத கவலை அடைப்பு, தனிஷ்டா பஞ்சமி (சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அந்த இடத்தைச் சில மாதம் அடைத்து வைக்க வேண்டும் என்ற நம்பிக்கை) பற்றியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நம்பிக்கையை நான் எள்ளவில்லை; ஆனால் அதைக் காட்டி யாரையும் வெளியேற்றச் சட்டத்தில் இடமில்லை, நமக்கும் வயதாகும் அல்லவா?

அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது தாயாரின் பெயரையும் குடியிருப்போரில் சேர்த்து, மோட்டார் செலவின் பங்கையும், காலி செய்யும்போது கைப்பிடியைக் கழற்றுவதா விட்டுச்செல்வதா என்பதையும் குறிப்பிட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.