அவள் பாதியில் நிறுத்திய பேச்சு

அன்புள்ள மேடத்துக்கு,

வணக்கம். எனக்கு 33 வயது. திருமணமாகி நான்கு வருடம் ஆகிறது. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். நேரில் யாரிடமும் சொல்ல வாய் வராத விஷயம்.

பதினாறு, பதினேழு வயதில் ஆபாசப் படம் பார்க்க ஆரம்பித்தேன். கூடப் படித்தவர்கள் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். கல்யாணம் ஆனால் தானாக நின்றுவிடும் என்று நினைத்தேன். முதல் ஏழெட்டு மாதம் நின்றும்விட்டது. அப்புறம் வேலையில் ஒரு மோசமான காலம் வந்தது. ஆள் வீட்டுக்கு வந்தாலும் மனசு வராது. அவள் தூங்கிய பிறகு போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போக ஆரம்பித்தேன். இப்போது வாரத்தில் நான்கைந்து இரவு அப்படித்தான் போகிறது. எந்தப் படத்தையும் முழுசாகப் பார்ப்பதில்லை. ஒன்றைத் திறப்பேன், அடுத்தது இன்னும் நன்றாக இருக்கும் என்று அதற்குத் தாவுவேன். நிமிர்ந்து பார்த்தால் மணி இரண்டு.

பகலிலும் போன்தான். ரீல்ஸ், யாரோ யாரையோ திட்டும் சண்டை, முகம் தெரியாதவர்களின் கல்யாணம், பிரிவு, அழுகை. ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் பேசுவதைக் கேட்கிறேன். நான் யாரிடமும் பேசுவதில்லை.

நிறுத்தப் பார்க்காமல் இல்லை. ஒரு தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பதினோரு நாள் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் ஐந்து நிமிடம் என்று திறந்தேன். அன்றைக்கு விடியற்காலை நான்கு மணிவரை பார்த்தேன்.

மனைவியோடு நெருக்கம் ரொம்பக் குறைந்துவிட்டது. முயற்சி செய்யும்போது உடம்பு ஒத்துழைப்பதில்லை. தனியாக இருந்தால் அந்தப் பிரச்சினை கிடையாது. அவள், “பரவாயில்ல, தூங்குங்க” என்பாள். அந்தப் ‘பரவாயில்ல’யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போதெல்லாம் அந்தச் சூழ்நிலையே வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் அவள் துணி மடித்துக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனைப் பார்த்தபடி “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். “அதுக்கப்புறம் அக்கா என்ன சொன்னாங்கன்னா...” என்று ஆரம்பித்தவள், அங்கேயே நிறுத்திவிட்டாள். நிறுத்தியதே எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த சட்டையின் காலரை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். “என்ன சொன்னாங்க?” என்றேன். “ஒண்ணுமில்ல” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

இந்தப் படங்களும் போனும்தான் என்னை மனிதர்களிடமிருந்து பிரித்துவிட்டனவா? இல்லை, ஏற்கெனவே பிரிந்து போனதால்தான் இதில் வந்து விழுந்தேனா? நான் அடிமையாகிவிட்டேனா? அவளிடம் சொல்லலாமா, கூடாதா?

இப்படிக்கு,
பெயர் சொல்ல விரும்பாத வாசகன்

---

அன்புத் தம்பிக்கு,

மூன்று முறை அழித்தும் நான்காவது முறை அனுப்பிவிட்டீர்களே, அதற்கே முதலில் நன்றி. உங்கள் கடிதத்தில் அந்தச் சட்டைக் காலர் வரும் இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அங்கே கடைசியில் வருகிறேன்.

பிரித்ததா, பிரிந்ததால் விழுந்தேனா என்று கேட்கிறீர்கள். தனிமையில் இருப்பவர்கள் அதிகம் பார்க்கிறார்கள், அதிகம் பார்ப்பவர்கள் தனிமையை அதிகம் உணர்கிறார்கள். ஒன்று இன்னொன்றை வளர்க்கிறது. ஆனால் உங்கள் கதையில் ஒரு தடயம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஏழெட்டு மாதம் அந்தப் பழக்கம் தானாகவே விட்டுப்போயிருந்தது. திரும்பி வந்தது எப்போது? வேலையில் அடி விழுந்தபோது. அங்கே என்ன நடந்தது என்று எனக்கே நீங்கள் ஒற்றை வரியில்தான் சொல்லியிருக்கிறீர்கள். மனைவியிடம் எவ்வளவு சொன்னீர்கள்? என் ஊகம் தப்பாக இருந்தால் மன்னியுங்கள், அநேகமாக எதுவுமே சொல்லியிருக்க மாட்டீர்கள். பயத்தையும் அவமானத்தையும் அவரிடம் கொண்டுபோகாமல் முன்னறைக்குக் கொண்டுபோனீர்கள். அங்கே கொஞ்ச நேரம் எல்லாம் மரத்துப்போனது. அந்தக் கட்டத்தில் விலகல்தான் முதலில் வந்தது, படம் பின்னால் வந்தது. அதற்குப் பிறகு ரகசியம் சேர்ந்தது, தூக்கம் கெட்டது, மறுநாள் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம் வந்தது. இப்போது படமே விலகலுக்குக் காரணமாகிவிட்டது.

அடிமையா என்ற கேள்விக்கு அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் ‘கட்டுக்கடங்காத பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. அதையும் போதைப் பழக்கங்களோடு வைக்கவில்லை, உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஆபாசப் பட அடிமைத்தனம் என்று தனி நோயே கிடையாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ கட்டுப்படுத்த முடியாமல் போவது, உடல்நலத்தையும் பொறுப்புகளையும் கைவிடுவது, பலமுறை முயன்றும் குறைக்க முடியாமல் போவது, சந்தோஷமே கிடைக்காவிட்டாலும் தொடர்வது, இவற்றைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் பார்க்கச் சொல்கிறது. கூடவே ஒரு முக்கியமான எச்சரிக்கையும் இருக்கிறது: ‘இது பாவம், நான் கெட்டவன்’ என்ற வேதனை மட்டுமே இருந்தால் அது இந்த நோய் ஆகாது. உங்களிடம் சில அறிகுறிகள் தெரிகின்றன. ஆனால் ஒரு கடிதத்தை வைத்து யாரும் முடிவு சொல்லக்கூடாது. ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். அவர்களுக்கு இது புது விஷயம் இல்லை, கூச்சப்பட வேண்டாம்.

அந்தத் திரை ஏன் இப்படி இழுக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாததால்தான் உங்களையே கேவலமாக நினைத்துக்கொள்கிறீர்கள். 1998இல் ஆல் கூப்பர் என்ற அமெரிக்க உளவியலாளர், இணையத்தில் பாலியல் விஷயங்கள் இவ்வளவு பலம் பெறுவதற்கு மூன்று காரணம் சொன்னார்: எப்போதும் கிடைக்கிறது, செலவு கிட்டத்தட்ட இல்லை, பார்ப்பவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவர் சொன்னபோது இன்றைய ஸ்மார்ட்போன் இல்லை, கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் நீளும் பக்கமும் இல்லை. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வேலை செய்வது கிடைத்த சுகத்துக்காக மட்டும் இல்லை, ‘அடுத்து என்ன வருமோ’ என்ற எதிர்பார்ப்புக்காகவும்தான். ‘அடுத்தது இன்னும் நன்றாக இருக்கும் என்று தாவுவேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். ரீல்ஸும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. இரவு இரண்டு மணிக்கு உங்களுக்கு ஆசைகூட மிச்சமிருப்பதில்லை தம்பி. தேடிக்கொண்டு மட்டும் இருக்கிறீர்கள்.

இணையமே மனிதர்களைக் கெடுத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பேச ஆளே இல்லாமல் இருந்தவர்கள் அதில் உயிர் நண்பர்களைக் கண்டுபிடித்ததை என் அறையிலேயே கேட்டிருக்கிறேன். அவர்கள் அதில் பேசினார்கள், பதில் வாங்கினார்கள், சண்டை போட்டுச் சமாதானமும் ஆனார்கள். நீங்களோ கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறீர்கள்.

அப்புறம் ஒன்று. திரை உங்களிடம் எதையும் கேட்பதில்லை. இன்றைக்கு வேலையில் தோற்றீர்களா, சரியாகச் சாப்பிட்டீர்களா, ஏன் முகம் வாடியிருக்கிறது, எதுவும் கேட்காது. விரல் பட்டதும் மாறிவிடும். பக்கத்தில் இருக்கும் மனுஷி அப்படி மாறமாட்டார். அவருக்கு அலுப்பு உண்டு, பயம் உண்டு, அக்கா சொன்ன கதை உண்டு. காத்திருக்க வேண்டும், தப்பாகப் புரிந்துகொண்டு திரும்பக் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் தினமும் பழக்கம் வேண்டும். நான் பயப்படுவது இந்தப் பழக்கம் விட்டுப்போவதைப் பற்றித்தான். ஆபாசப் படம் ஒரு பெண்ணுடலை எப்படிக் காட்டுகிறது என்பதும் பெரிய பிரச்சினைதான், அதை இன்னொரு நாள் பேசலாம். உங்கள் வீட்டில் முதலில் செத்துக்கொண்டிருப்பது பேச்சு.

ஜான் காட்மன் என்ற ஆய்வாளர் புதுமணத் தம்பதிகள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைக் கவனித்தார். “இதைப் பாரேன்”, “இன்னிக்கு என்னாச்சு தெரியுமா” என்று ஒருவர் நீட்டும் சின்னச் சின்ன அழைப்புகளுக்கு மற்றவர் திரும்புகிறாரா என்று எண்ணினார். ஆறு வருடம் கழித்து, சேர்ந்தே இருந்த தம்பதிகள் 100 அழைப்புக்கு 86 தடவை திரும்பியவர்கள் என்று தெரிந்தது. பிரிந்தவர்கள் 33 தடவைதான். “அக்கா என்ன சொன்னாங்கன்னா” என்பதும் அப்படி ஓர் அழைப்பு. அவர் குரலில் கோபம்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

உடம்பு ஒத்துழைக்காதது பற்றி. முதலில் ஒரு டாக்டரிடம் காட்டி சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். தனியாக இருக்கும்போது பிரச்சினை இல்லை என்பதால் இது பெரும்பாலும் மனப் பதற்றமாக இருக்கலாம். நெருங்கும்போதெல்லாம் ‘இன்றைக்காவது சரியாக வருமா’ என்று தன்னையே வேவு பார்த்துக்கொண்டிருந்தால் எந்த உடம்பும் ஒத்துழைக்காது. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் 1970இல் இதற்கு ஒரு பயிற்சியை எழுதினார்கள். முதல் சில வாரம் உறவு கூடாது என்று இருவரும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். தோள், முதுகு, கை, தலைமுடி என்று மாறி மாறித் தொடுவது மட்டும்தான். சாதிக்க எதுவும் இல்லாததால் தோற்கவும் எதுவும் இல்லை. இன்றும் பாலியல் சிகிச்சையில் இதைக் கொடுக்கிறார்கள். ஒரு சிகிச்சையாளரின் துணையோடு செய்யுங்கள்.

சொல்லலாமா என்றால், சொல்லுங்கள். பலர் என்னிடம் வேறு மாதிரி வாதாடுவார்கள், ஆனாலும் என் கருத்து இதுதான். அவர் இப்போதே ஒரு விளக்கம் வைத்திருப்பார்: ‘எனக்கு அழகில்லை, அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை.’ உண்மை வலிக்கும்தான், ஆனால் அந்தப் பொய் அவரைத் தினமும் தின்கிறது. படுக்கையில் வைத்துச் சொல்லாதீர்கள், சண்டை நடுவில் சொல்லாதீர்கள். எதைப் பார்த்தீர்கள் என்ற விவரம் வேண்டாம். எப்போதிலிருந்து, எவ்வளவு, அவரிடம் எந்தக் குறையும் இல்லை, உதவி தேடிக்கொண்டிருக்கிறேன், இவ்வளவு போதும். வேலையில் பட்ட அடியையும் சொல்லுங்கள், அது இதைவிடச் சொல்லக் கஷ்டமாக இருக்கலாம். அவர் அழலாம், நாள்கணக்கில் பேசாமல் இருக்கலாம். அன்றைக்கே மன்னிப்பு வேண்டும் என்று நிற்காதீர்கள். போனைச் சோதிக்கும் காவல் வேலையையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

பன்னிரண்டாம் நாள் நடந்ததற்கு ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் விளக்கம் சொல்லியிருக்கிறார். விரதம் ஒரு தடவை முறிந்ததும், ‘எல்லாம் போச்சு, நான் இவ்வளவுதான்’ என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம்தான் ஐந்து நிமிடத்தை நான்கு மணிவரை இழுத்தது. அடுத்த தடவை சறுக்கினால் ஐந்து நிமிடத்தோடு மூடிவிட்டுப் படுக்கப் போங்கள், அது தோல்வி இல்லை. உந்துதல் வரும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். அது உடம்பில் எங்கே தெரிகிறது என்று மட்டும் கவனித்தபடி இருங்கள். அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள்: யாரோடு பேச வேண்டியிருந்து பேசாமல் விட்டேன் என்று. இரண்டு வாரத்தில் உங்களுக்கே ஒரு கணக்குப் பிடிபடும். இரவு போன் வேறு ஏதாவது ஓர் இடத்தில் இருக்கட்டும், முன்னறையிலும் படுக்கையறையிலும் வேண்டாம்.

இதெல்லாம் நாளைக்கு. இன்றைக்குச் செய்ய ஒன்று இருக்கிறது. “அன்னிக்கு அக்கா சொன்னதைச் சொல்ல வந்தே, நான் கேக்கல. தப்பு என் மேலதான். இப்பச் சொல்றியா?” என்று கேளுங்கள். அவர் மறுபடியும் “ஒண்ணுமில்ல” என்று சொல்லலாம். சொன்னாலும் எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மிச்சமிருக்கும் துணியை மடித்துக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்